பருப்புக்கு எவ்வளவு, பிதுக்கிய கைக்கு எவ்வளவு?

துவரம்பருப்பைப் பதப்படுத்திய உணவு என்று யாரும் சொல்வதில்லை. மளிகைக் கடையில் அரிசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்குகிறோம். இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவிக் குக்கரில் வைக்கிறோம். ஆனால் செடியில் காய்ப்பது பருப்பு அல்ல, துவரை. தோல் இறுக்கமாக ஒட்டிய உருண்டைக் கொட்டை. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் அப்பத்தா காலத்தில் அதைப் பருப்பாக்குவது பல நாள் வேலை. துவரையை ஊறவைத்து, சலித்த செம்மண்ணைக் கரைத்து அதன்மேல் பிசறி, இரவு முழுவதும் குவித்து வைத்திருந்து, மறுநாள் முதல் வெயிலில் உலர்த்துவார்கள். மண்ணும் வெயிலும் சேர்ந்து தோலைத் தளர்த்தும். பிறகு திருகையில் போட்டு உடைத்து, முறத்தில் புடைத்து, உடையாததைப் பொறுக்கி, மறுபடியும் திருகையில் போட வேண்டும். மழைக்காலமானால் எல்லாம் தள்ளிப்போகும். திருகையைச் சுற்றிச் சுற்றியே அப்பத்தாவின் வலது தோள் இறங்கிப்போனது என்று வீட்டில் சொல்வார்கள்.

பருப்பு மில்கள் வந்தன. விருதுநகர் பருப்புக்குப் பெயர்பெற்ற சந்தையானது. துவரையாக வாங்கினால் ஒரு விலை, உடைத்த பருப்பாக வாங்கினால் அதைவிடக் கூடுதல் விலை என்று இருந்த காலத்தில், அந்தக் கூடுதலைக் கொடுக்கலாமா என்று வீட்டுக்கு வீடு யோசித்திருப்பார்கள். 'கையும் காலும் நன்றாகத்தானே இருக்கிறது, காசை ஏன் கரியாக்க வேண்டும்' என்று ஒரு மாமியாராவது சொல்லியிருப்பார். இன்று அந்த யோசனையே இல்லை. துவரையை வாங்கி வீட்டில் உடைப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொட்டுக்கடலையும் அப்படித்தான். கொண்டைக்கடலையை நனைத்து, சூட்டில் பொரித்து, தோல் நீக்கி, வாயில் போட்டால் கரைகிற பதத்தில் கொடுக்கிறார்கள். உலகத்தின் மிக வசதியான பயறு உணவுகளில் அதுவும் ஒன்று. சட்னிக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் போடும்போது இதற்குள் எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கிறது என்று நாம் நினைப்பதில்லை.

பொருளாதாரம் படித்தவர்கள் 'கொடுக்கத் தயாராக இருக்கும் விலை' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு பொருளுக்கு ஒருவர் அதிகபட்சமாக எவ்வளவு தருவார் என்பதுதான் அது. சில ஆண்டுகளாக எனக்கு இந்தக் கேள்வியின்மேல் தீராத ஆர்வம். அதிலும் பயறு, பருப்பு வகைகளில். இவற்றில்தான் பொருளின் விலையும் உழைப்பின் விலையும் தனித்தனியாகத் தெரியும். தக்காளியை வாங்கி நறுக்கினால் முடிந்தது. மொச்சையை உரிக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும், தோல் பிதுக்க வேண்டும், வேகவைக்க வேண்டும். இதில் எந்தப் படியையும் இன்னொருவரிடம் காசு கொடுத்து ஒப்படைக்கலாம். எந்தப் படிக்குக் கொடுக்கிறோம், எந்தப் படிக்குக் கொடுக்க மறுக்கிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்று பார்த்தால் ஒரு குடும்பத்தைப் பற்றியும் ஓர் ஊரைப் பற்றியும் நிறையத் தெரிந்துவிடுகிறது.

நான் இப்போது இருப்பது ஓசூரில். எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா இட்லி மாவு விற்கிறார். சாயங்காலம் நான்கு மணிக்கு வாசலில் மேசை போட்டு, எவர்சில்வர் அண்டாவை வைப்பார். கையில் நீளமான அகப்பை. பாத்திரம் கொண்டுவருபவர்களுக்குப் பாத்திரத்தில், இல்லாதவர்களுக்குப் பிளாஸ்டிக் பையில். பையை ஒரு செம்பின் வாயில் மாட்டி, மாவை ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரே சுழற்றில் முடிச்சுப் போட்டுவிடுவார். முடிச்சுக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போடுவார். இரவில் மாவு பொங்க இடம் வேண்டும் அல்லவா? உளுந்தை அவர் தனியாகத்தான் ஆட்டுவார். பந்து போல எழும்பிய பிறகு அரிசி மாவோடு கலப்பார். உளுந்துதான் இதில் விலை கூடிய சரக்கு. மாவுக்குப் பசையைத் தந்து, புளிக்கும்போது கிளம்பும் காற்றைப் பிடித்துவைத்து, இட்லியை மெத்தென்று ஆக்குவதும் அதுதான். உளுந்து விலை ஏறும்போது அவர் முன்னே இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, உளுந்தைக் குறைப்பது. இன்னொன்று, விலையைக் கூட்டுவது. அவர் உளுந்தைக் குறைக்கவில்லை. கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டினார்.

தெருவே பேசியது. 'பக்கத்துத் தெருவில் பழைய விலைக்கே கிடைக்கிறதே' என்றார்கள். 'வீட்டில் ஆட்டினால் பாதிச் செலவுகூட ஆகாது' என்றார்கள். அரிசி, உளுந்து, மின்சாரம் மூன்றுக்கும் மட்டும் கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய உண்மைதான். ஊறவைத்தது, கழுவியது, ஆட்டியது, வழித்தது, கிரைண்டரைக் கழுவியது ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அப்படிப் பேசியவர்களில் சிலர், அதே வாரம் சூப்பர் மார்க்கெட்டில் அதைவிட விலை கூடிய பாக்கெட் மாவை எடுத்துப் பில் போடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

பாக்கெட் மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாவு பாக்கெட்டுக்குள் இருந்தாலும் புளித்துக்கொண்டேதான் இருக்கும், உறையை உப்பவைக்கும். ஆலையில் தொடங்கி வண்டி, கடையின் குளிர்பெட்டி வரை ஒரே சீரான குளிரில் வைத்தால்தான் அது ஒழுங்காக வந்துசேரும். 2005-இல் பெங்களூரில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தைத் தொடங்கியபோது செய்துகாட்டியது இந்த வேலையைத்தான்: எல்லா வீட்டுக்கும் தெரிந்த மாவை, கடையில் நம்பி எடுக்கிற பண்டமாக மாற்றியது. அந்த நம்பிக்கைக்குக் காசு கொடுப்பது நியாயம். தெருவில் விற்கும் மாவில் சோடா கலந்திருக்குமோ, தண்ணீர் எப்படிப்பட்டதோ என்று பயப்படும் தாய்க்கு, உறையில் அச்சடித்த தேதியும் உரிம எண்ணும் ஆறுதல் தருகின்றன. எனக்கு உறுத்துவது வேறு. அக்காவின் மாவைப் பத்து வருடமாக வாங்கிச் சாப்பிட்டு ஒரு நாளும் வயிறு கெடாதவர்கள்கூட அவரிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடுகிறார்கள். அச்சிட்ட விலையோடு வழக்காட முடியாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோடு முடியும்.

கொஞ்சம் விலகிப்போய் ஒன்றைச் சொல்கிறேன். பருப்பு வேகவைக்க நாம் கொடுக்கும் விலையில் கண்ணுக்கே தெரியாத ஒரு பகுதி இருக்கிறது: தண்ணீர். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது சென்னையிலும் நம் பல ஊர்களிலும் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைப் பிடித்துக்கொள்கின்றன. அது கரையாது, பயறு குழையாது. பயறு பழையதானாலும் இதே கதைதான். வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த கொண்டைக்கடலையோ மொச்சையோ எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே நிற்கும். பயறுக்குள்ளேயே இருக்கும் தாதுக்கள் விடுபட்டுப் போய் அதே பெக்டினைப் பூட்டிவிடுகின்றன. ஆகவே என்ன செய்கிறோம்? சிட்டிகை சோடா போடுகிறோம். அல்லது கேன் தண்ணீரில் பருப்பை வேகவைக்கிறோம். குடிக்க வாங்கிய கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக் குக்கரில் ஊற்றும்போது, பருப்பு சீக்கிரம் வேக வேண்டும் என்பதற்காக நாம் ஒரு விலை கொடுக்கிறோம். எந்தக் கருத்துக்கணிப்பிலும் இது பதிவாவதில்லை. வேகாத பயறால் எவ்வளவு எரிவாயு வீணாகிறது என்பதும் அப்படித்தான்.

கருத்துக்கணிப்பு என்றேன். ஒருவர் எவ்வளவு கொடுப்பார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேராகக் கேட்டால் உண்மை வராது. வேகவைத்த சுண்டல் பாக்கெட்டைக் காட்டி 'இதற்கு எவ்வளவு தருவீர்கள்' என்று கேட்டால், கேட்பவர் மனம் கோணக்கூடாது என்று ஒரு தொகையைச் சொல்வோம். பையிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் அவ்வளவு தர மாட்டோம். வாயால் சொல்லும் விலை கையால் கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது இந்தத் துறையில் பழகிய எல்லோரும் அறிந்தது. இதைத் தவிர்க்க பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்ற மூவர் 1964-இல் ஒரு முறையை வகுத்தார்கள். வாங்குபவர் தன்னுடைய உச்ச விலையை எழுதித் தர வேண்டும். பிறகு குடத்திலிருந்து சீட்டு எடுப்பதுபோல் ஒரு விலையைக் குருட்டாம்போக்கில் எடுப்பார்கள். சீட்டில் வந்த விலை அவர் எழுதியதைவிடக் குறைவாகவோ அதே அளவாகவோ இருந்தால், சீட்டில் உள்ள விலைக்கு அவர் கட்டாயம் வாங்கியாக வேண்டும். கூடுதலாக வந்தால் வாங்க முடியாது. கூட்டிச் சொன்னால் வேண்டாத விலைக்கு வாங்க நேரும். குறைத்துச் சொன்னால் வேண்டிய பொருள் கை நழுவும். உண்மையைச் சொல்வதுதான் லாபம். எவ்வளவு அழகான ஏற்பாடு! முதன்முதலில் இதைப் படித்தபோது எங்கள் ஊர்ச் சந்தையில் செய்து பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

இந்தக் கேள்விக்கு நம்மைவிட அவசரமாக விடை தேடும் நாடுகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கென்யா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி ஆகிய நாடுகளில் பீன்ஸ் என்பது நாம் பொரியல் செய்யும் பச்சைக் காய் அல்ல. ராஜ்மா வகையைச் சேர்ந்த காய்ந்த கொட்டை. ஏழைகளின் புரதமே அதுதான். கென்யாவில் அதை மக்காச்சோளத்தோடு சேர்த்து வேகவைத்துக் கிதேரி என்று சாப்பிடுகிறார்கள். சாதாரணப் பாத்திரத்தில், கரி அடுப்பில், அது வேக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கரி விற்கும் விலையில் சில நாள் கொட்டையைவிட அதை வேகவைக்கும் செலவே பெரிதாகத் தெரியும். 2018-இல் கென்ய அரசு பொதுக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தபோது கரி விலை மளமளவென்று ஏறியது. பீன்ஸ் சமைக்கும் வீடுகள்தான் அதை முதலில் உணர்ந்திருக்கும்.

அங்கே கென்ய, உகாண்ட வேளாண் ஆய்வு நிறுவனங்கள் கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் நிதியோடு முன்வேகவைத்த பீன்ஸை உருவாக்கின. ஆலையிலேயே ஊறவைத்து, அழுத்தத்தில் வேகவைத்து, உலர்த்திக் கொடுப்பார்கள். வீட்டில் கால் மணி நேரத்தில் தயாராகிவிடும். அரைவேக்காடாக விட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் ஹீமாகுளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது அழியும். மிதமான சூட்டில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரத்தில் போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். ஆகவே வசதியை விற்பவர் பாதுகாப்பையும் சேர்த்தே விற்கிறார்.

ஆனால் நான் படித்தபோது என் மனம் நின்ற இடம் ஆலை அல்ல. நைரோபியின் நெருக்கமான குடியிருப்புகளில் பெரிய பாத்திரத்தில் பீன்ஸையும் கிதேரியையும் வேகவைத்து, வாசலிலும் சந்தையிலும் அளந்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். பத்து வீடு தனித்தனியாகக் கரி எரிப்பதற்குப் பதில் ஒரு வீடு எரிக்கிறது. சிறு அளவுகளில் வாங்கி அன்றன்றைக்குப் பிழைக்கும் அந்த வாழ்க்கையைக் கடோகோ பொருளாதாரம் என்று அங்கே சொல்கிறார்கள். புதிய பாக்கெட் பீன்ஸுக்குப் போட்டி காய்ந்த பீன்ஸ் என்று நினைத்தால் தவறு. அதன் உண்மையான போட்டி இந்தப் பெண்கள்தான். எங்கள் தெரு அக்காவுக்கும் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுக்கும் உள்ளது போலவே. இவர்களுடைய விலை முன்னமே இருக்கும் இடத்தில், வசதிக்கு மக்கள் எவ்வளவு தருவார்கள் என்று புதிதாகக் கேட்கத் தேவையில்லை. ஏற்கெனவே தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நமக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே இந்தியா மொசாம்பிக்குடன் பருப்பு இறக்குமதிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. மொசாம்பிக், தான்சானியா, மலாவி நாட்டு விவசாயிகள் விளைவிக்கும் துவரை கப்பலேறி வந்து, இங்கே மில்லில் உடைபட்டு, நம் சாம்பாரில் கொதிக்கிறது.

இனி, விலை கொடுப்பது யார் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் எடுக்கப்பட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதைச் செய்யும் ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடம். ஐந்து ஆண்டில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. பயறு ஊறவைப்பதும் மாவு ஆட்டுவதும் இந்த நிமிடங்களுக்குள்தான் இருக்கின்றன. இந்த நிமிடங்களை மிச்சப்படுத்தும் பொருளுக்கு யார் காசு கொடுக்க வேண்டும்? பணப்பையை வைத்திருப்பவர். பல வீடுகளில் நிமிடத்தை இழப்பவர் ஒருவர், காசை எடுப்பவர் வேறொருவர்.

கிராண்ட் மில்லர், முஷ்ஃபிக் மொபாரக் என்ற இரு ஆய்வாளர்கள் வங்காளதேசக் கிராமங்களில் புகை குறைந்த அடுப்புகளை வைத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உடல்நலத்துக்கு ஏற்ற அடுப்பைப் பெண்கள் ஆண்களைவிட அதிகம் விரும்பினார்கள். ஆனால் விலை வைத்தபோது அந்த விருப்பம் வாங்குதலாக மாறவில்லை. வாங்கும் முடிவு அவர்கள் கையில் இல்லை. அதில் அடுப்பு என்று படிக்கும் இடத்திலெல்லாம் கிரைண்டர், உரித்த மொச்சை, மாவு பாக்கெட் என்று போட்டுப் படித்துப் பாருங்கள். 'எங்கள் வீட்டில் மாவு வாங்கவே மாட்டோம், எல்லாம் வீட்டில் ஆட்டியதுதான்' என்று பெருமையோடு சொல்பவர் ஆணாக இருந்தால், கிரைண்டரைக் கழுவுவது யார் என்று நான் கேட்டுவிடுவேன். பதில் சொல்லத் தயங்குவார்கள்.

இதனால்தான் 2011-இல் தமிழ்நாட்டு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுத்ததை, ஏளனம் செய்தவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் லட்சக்கணக்கான வீடுகளில் ஆட்டுக்கல்தான் ஓடியது. அந்தப் பெண்களுக்குக் கிரைண்டர்மேல் ஆசை இல்லாமலா? கொடுக்கத் தயாராக இருந்த விலை பூஜ்யம் என்று கணக்கில் வரும். கையில் காசு இல்லாததால் வந்த பூஜ்யம் அது. எங்கள் ஊரில் கிரைண்டர் வந்த வீடுகளில் சில, ஓராண்டுக்குள் மாவு விற்கத் தொடங்கின. தெருமுனை அக்காவும் தன் முதல் மாவை அப்படி இலவசமாக வந்த இரண்டு லிட்டர் கிரைண்டரில்தான் ஆட்டினார் என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்கவைத்தது, ஊறிய அவரைக்கொட்டையின் தோலைப் பிதுக்கி எடுக்கும் பிதுக்கம்பருப்புதான். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வந்து பாருங்கள். பனி விழும் காலத்தில் அவரைக்கொட்டைக்கு ஒரு மணம் ஏறும். காயை உடைத்தாலே விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் ஒட்டிக்கொள்ளும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் அவரைக்கொட்டைக்கென்றே திருவிழா நடக்கிறது. தோசை, உப்புமா, மிக்சர் என்று எல்லாவற்றிலும் அதுதான். அங்கே போகிற காயில் கொஞ்சம் நம் பக்கத்திலிருந்தும் போகிறது.

பிதுக்கம்பருப்பு செய்யும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். காயை உரித்துக் கொட்டையை எடுக்க வேண்டும். ஒரு கிலோ காயில் அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் கொட்டை தேறும். நடுவில் சொத்தை, பூச்சி. கொட்டையைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைப்பார்கள். காலையில் தோல் தொளதொளவென்று விட்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும்; தோல் விரலில் நிற்கும். அதை உதறிவிட்டு அடுத்தது. ஒவ்வொன்றாகத்தான், இரண்டாக முடியாது. மெஷின் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் சந்தையில் நான் பார்த்தது விரல்களைத்தான். ஊறிய நீரின் ஈரத்திலேயே இருப்பதால் விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, நகக்கண் வெடித்திருக்கும்.

சந்தை வாசலில் சாக்கு விரித்து மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருபுறம் காய், நடுவில் உரித்த கொட்டை, இன்னொருபுறம் ஈரத்துணி மூடிய பிதுக்கம்பருப்பு. மூன்றுக்கும் மூன்று விலை. ஒரே பொருளின் மூன்று நிலைகளும் அருகருகே, விலையோடு. பொருளாதார நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அந்தச் சாக்கு ஒரே பார்வையில் காட்டிவிடும்.

வாங்க வருபவர்களைக் கவனித்திருக்கிறேன். பிதுக்கம்பருப்பின் விலையைக் கேட்டதும் பலருக்குக் கோபமே வருகிறது. 'காய் விலை என்ன, இது என்ன? கொள்ளையாக இருக்கிறதே' என்கிறார்கள். ஒருமுறை நல்ல காரில் வந்த ஒருவர் கால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வெகுநேரம் நின்றார். அந்த அம்மா பிதுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்: "காயாகவே எடுத்துக்கொண்டு போங்கள் சார். வீட்டில் உட்கார்ந்து பிதுக்கிப் பாருங்கள். நாளைக்கு வந்து நீங்களே விலை சொல்லுங்கள், அந்த விலைக்குத் தருகிறேன்." அவர் சிரித்துவிட்டுக் கேட்ட விலையைக் கொடுத்தார். எல்லோரும் அப்படிக் கொடுப்பதில்லை. பொழுது சாயச் சாய அந்தப் பெண்களே இறங்கிவருவார்கள். பிதுக்கிய பருப்பு மறுநாள் வரை தாங்காது, புளித்து வழவழத்துப் போகும். காயென்றால் இரண்டு நாள் கிடக்கும். வசதியைக் கூட்டக் கூட்டச் சரக்கின் ஆயுள் குறைகிறது. அந்த இழப்பை ஏற்பவர் விற்பவர். வாங்குபவர் நாலு மணிக்கு வந்து பேரம் பேசும்போது அவருக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் நாலு மணிக்கு வருகிறார்.

இப்போது பெங்களூரில் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகளிலும் பிதுக்கம்பருப்பு கிடைக்கிறது. கண்ணாடி போன்ற பெட்டியில், குளிர்ந்து, ஒட்டுச்சீட்டோடு. அங்கே விலை கூடுதல்தான்; பேரம் கிடையாது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பருப்பையும் ஏதோ ஒரு வீட்டில் யாரோ கையால் பிதுக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். எங்கள் சந்தைப் பெண்களில் ஒருவரின் மருமகள் அப்படிப் படிக்கணக்கில் ஒரு வியாபாரிக்குப் பிதுக்கிக் கொடுக்கிறார். கொட்டையை அவர்களே வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து அளந்து எடுத்துக்கொண்டு கூலி கொடுப்பார்கள். சந்தையில் உட்கார்ந்து விற்பதைவிட அது தேவலை என்றார் அந்த மருமகள், விற்காமல் போகும் பயம் இல்லையாம். கடைசியில் பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை நான் காட்டியபோது அவர் வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்தார். "அக்கா, இவ்வளவு கொடுத்துமா வாங்குகிறார்கள்?" என்றார்.

வாங்குகிறார்கள். அதுதான் நான் சொல்ல வந்தது. நகரத்துக் குடும்பங்கள் பயறின் உழைப்புக்குக் காசு கொடுக்கத் தயங்குபவர்கள் என்று எண்ணுவதற்கில்லை. நன்றாகவே கொடுக்கிறார்கள். உழைத்தவரின் முகம் தெரியாதபோது கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். முகம் எதிரே இருந்தால், அந்த முகத்தின் வறுமையும் அவசரமும் தெரிந்தால், விலையைக் குறைக்க முயல்கிறார்கள். கருத்துக்கணிப்பு எடுப்பவர்கள் பாக்கெட்டைக் கையில் கொடுத்துக் கேட்பதோடு, அதே பருப்பை ஒரு பெண் சாக்கில் வைத்து விற்பதையும் காட்டிக் கேட்டால், இரண்டு விடைகளுக்கும் நடுவிலுள்ள தொகை வெளிவரும். அந்தத் தொகை யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் பண்டங்களுக்குத் தமிழ்நாட்டில் 'மதி' என்ற வணிகப் பெயர் இருக்கிறது. ஊறுகாய், மசாலாத் தூள், சிறுதானிய மாவு எல்லாம் அதில் வருகின்றன. எல்லாம் கெடாத சரக்கு. பிதுக்கம்பருப்பும் முளைகட்டிய பயறும் ஆட்டிய மாவும் அந்த வரிசையில் இடம்பெற வேண்டுமானால் முதலில் தேவைப்படுவது கடை அல்ல, விளம்பரமும் அல்ல. சந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்பெட்டி. விற்காததை இரவில் வைத்துக்கொள்ள இடம் இருந்தால், நாலு மணிக்கு விலையை இறக்க வேண்டிய நெருக்கடி பாதியாவது குறையும். பெரிய பணம் தேவைப்படும் காரியமும் இல்லை: சந்தைக் கட்டடத்தில் ஓர் அறை, மின் இணைப்பு, சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஒரு குழு. மாலையில் பெட்டியைக் குத்தகைக்கு எடுத்து மொத்த வியாபாரிகள் நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். எங்கள் சந்தைப் பெண்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான்: சாவி யாரிடம் இருக்கும்? இரண்டாவது, ஒரு கூடைக்கு எவ்வளவு கேட்பார்கள்? ஐந்து ரூபாய் வரை கொடுப்போம் என்று ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், பத்தும் கொடுக்கலாம், பருப்பு மறுநாள் வெள்ளையாகவே இருந்தால் என்றார்.